பொன்மலைக் கணக்கு

ராஜாக்கள் எப்படி இறந்தார்கள் என்று எழுதிவைக்கச் சரித்திரத்தில் ஆள் உண்டு. ஒரு ஃபிட்டர் எப்படி இறந்தான் என்று எழுதிவைக்க ரயில்வே ஒன்றுதான் உண்டு. அன்பினால் செய்கிற காரியம் என்று எண்ண வேண்டாம். ஆள் போய்விட்டால் பிராவிடண்ட் பண்டு கணக்கை முடிக்க வேண்டும். குவார்ட்டர்ஸைக் காலி செய்விக்க வேண்டும். காலியான வேலைக்கு வேறு ஆளைப் போட வேண்டும். இத்தனைக்கும் காகிதம் வேண்டும். காகிதத்தில் சாவுக்குக் காரணம் இன்னதென்று ரயில்வே டாக்டர் எழுதியாக வேண்டும். இந்தக் காகிதங்களைத் தேசம் முழுவதற்குமாகச் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. அவர் பெயர் டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா. ரயில்வே வைத்திய இலாகாவில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்.

அவர் 1958 முதல் 1962 வரை ஐந்து வருஷக் கணக்கை எடுத்துக்கொண்டார். பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்கள். இதைவிட நல்ல களம் அந்த நாளில் இந்தியாவில் வேறு கிடைத்திருக்காது. அமிர்தசரஸில் வேலை பார்க்கும் பாயிண்ட்ஸ்மேனுக்கும் திருச்சியில் வேலை பார்க்கும் பாயிண்ட்ஸ்மேனுக்கும் எஜமான் ஒருவரே. சம்பள விகிதம் ஒன்று, லீவு விதி ஒன்று, போகும் ஆஸ்பத்திரியும் ஒரே மாதிரி. வித்தியாசப்படுவது ஊரும் தண்ணீரும் சோறும் மட்டுமே. முடிவை 1967-ல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு வரும் வியாதி, பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியர்களுக்கு ஏழு மடங்கு. இறந்தவர்களும் வடக்கத்தியரைவிட இளைய வயதுக்காரர்கள்.

இதில் திகைக்க வைத்த விஷயம் வேறு. பஞ்சாபியர் சாப்பிட்ட கொழுப்பு தென்னிந்தியர் சாப்பிட்டதைப்போல் எட்டு மடங்கிலிருந்து பத்தொன்பது மடங்கு வரை இருந்தது. அதிலும் பெரும்பகுதி நெய்யும் பாலும் வெண்ணெயும். எவன் நெய்யில் குளித்தானோ அவன் பிழைத்தான். எவன் தீபாவளிக்குத் தீபாவளி நெய்யைக் கண்ணால் பார்த்தானோ அவன் போனான்.

அந்தத் தென்னிந்தியக் கணக்கில் பொன்மலைக்காரர்களும் சேர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனிக்குத் திருச்சிதான் தலைமை இடம். அதன் தொழிற்கூடம் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928-ல் பொன்மலைக்கு வந்தது. 1951-ல் மூன்று ரயில்வேக்களை ஒன்றாக்கித் தென்னக ரயில்வே என்று பெயர் வைத்துத் தலைமையைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். பொன்மலையில் சம்மட்டிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஒரே வாசலில் நுழையும். சாயங்காலம் அதே வாசலில் திரும்பும். சைக்கிள் கைப்பிடியில் அடுக்குச் சட்டி. மேல் தட்டில் பொரியல், கீழ்த்தட்டில் சோறு, நடுவில் புளிக்குழம்போ சாம்பாரோ. சோறு ஒரு மடங்கு என்றால் மற்றதெல்லாம் சேர்ந்து கால் மடங்கு. கொழுப்பு என்று அதில் தேடினால் தாளித்த எண்ணெய்தான் அகப்படும்.

பொன்மலையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு இன்னும் நடந்தே போய் வருகிறவர். அவரிடம் இந்தக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“நெஞ்சு வலின்னு அப்ப யாரு தம்பி சொன்னாங்க? வாயுன்னுதான் சொல்லுவோம். இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடிச்சிட்டு, ஒரு சோடாவும் குடிச்சிட்டு, ஷிப்டுக்குப் போயிருவாங்க. எங்க ஷெட்டிலேயே ஒருத்தன் ஸ்பானரைக் கையிலே வச்சிக்கிட்டே சாஞ்சான். முழுசா அம்பது வயசு ஆகலே. ஒல்லியா இருப்பான். அவனுக்குப் போயி கொழுப்புன்னா யாரு நம்புவாங்க?”

யாரும் நம்பமாட்டார்கள்தான். தமிழில் கொழுப்பு என்றால் திமிர். ‘கொழுப்பு ஏறிப்போச்சு’ என்று சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாதவனைப் பார்த்துத்தான் சொல்கிறோம். கொலஸ்டிராலுக்கு அந்தச் சொல்லைக் கட்டிவிட்டதால் வந்த வினை இது: ஒல்லியாக இருப்பவனும் உழைப்பவனும் ஏழையும் தனக்கு அந்த வியாதி வராது என்று இருந்துவிட்டார்கள். உண்மையில் கொலஸ்டிரால் எண்ணெய் போன்ற கொழுப்பு அன்று. மெழுகு மாதிரியான ஒரு பொருள். பித்தக் கற்களிலிருந்து கிடைத்த அந்தப் பொருளுக்கு, பித்தம், கெட்டி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு ரசாயனி சுமார் 1815-ல் பெயர் வைத்தார். நம் ஈரல் அதைத் தானே செய்துகொள்கிறது. உடம்பின் ஒவ்வோர் அணுவின் சுவருக்கும் அது வேண்டும். சாப்பாட்டிலிருந்து வருவதைவிட உடம்பு செய்துகொள்வதுதான் ஜாஸ்தி. செடி கொடிகளில் அது இருப்பது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கடலை எண்ணெய் டப்பாவின்மேல் ‘கொலஸ்டிரால் இல்லாதது’ என்று அச்சடிப்பது, வாழைப்பழத்தில் எலும்பு இல்லை என்று விளம்பரம் செய்கிற மாதிரி.

பழி நெய்யின்மேல் எப்படி விழுந்தது என்பது தனிக் கதை. 1913-ல் ருஷ்யாவில் அனிட்ச்கோவ் என்ற இளம் டாக்டர் முயல்களுக்குக் கொலஸ்டிராலை எண்ணெயில் கரைத்து ஊட்டினார். முயல்களின் ரத்தக் குழாய் மனிதர்களுடையதைப்போலத் தடித்துப் போயிற்று. முயல் புல் தின்னும் பிராணி ஆயிற்றே என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. பிறகு 1948-ல் அமெரிக்காவில் ஃபிரமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். ரத்தத்தில் கொலஸ்டிரால், ரத்தக் கொதிப்பு, புகைபிடித்தல் மூன்றும் மாரடைப்புக்கு முன்னறிகுறிகள் என்று அங்கிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1958 வாக்கில் ஆன்ஸல் கீஸ் என்பவர் ஏழு தேசங்களில் ஆராய்ச்சி ஆரம்பித்து, மிருகக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்கும் மாரடைப்புக்கும் முடிச்சுப் போட்டார். அந்த ஏழு தேசங்களில் இந்தியா இல்லை. ஃபிரமிங்ஹாமில் இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் வெள்ளையர்கள். உலகத்துக்கு என்று எழுதிய அளவுகோலில் நம் உடம்பின் அளவு எடுக்கப்படவில்லை. அதே வருஷங்களில்தான், யாரும் கேட்காமலேயே, பொன்மலையில் காகிதங்கள் சேர்ந்துகொண்டிருந்தன.

மல்ஹோத்ராவின் கணக்கில் ஓட்டை இல்லையா என்றால் உண்டு. ரயில்வேக் கணக்கு ஆள் வேலையில் இருக்கும் வரையில்தான். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் எவன் எப்படி இறந்தான் என்பது அதற்குள் வராது. காரணத்தை எழுதிய டாக்டர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருப்பார்களா என்பதும் சந்தேகம். அவர் சொன்ன சமாதானமும் எல்லாருக்கும் திருப்தி தரவில்லை: பஞ்சாபியர் பால் கொழுப்பையும் புளித்த பாலையும் சாப்பிடுகிறார்கள், நன்றாக மென்று தின்னும் ஆகாரம் சாப்பிடுகிறார்கள், தென்னாட்டார் விதை எண்ணெயோடு சோற்றைப் பிசைந்து விழுங்குகிறார்கள் என்றார். மெல்லுவதில் இவ்வளவு இருக்கிறதா என்பது என் சந்தேகமும்கூட. ஆனால் கணக்கை ஓரமாக ஒதுக்கிவிட முடியாதபடி வேறோர் ஊரிலிருந்து அதற்கு முன்பே சாட்சி வந்திருந்தது.

அந்த ஊர் சிங்கப்பூர். அங்கே டாக்டர் தனராஜ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1950-லிருந்து 1954 வரை நடந்த 9,568 பிரேத பரிசோதனைகளின் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பிரேத பரிசோதனையில் வாயுவா, வலியா என்ற விவாதமே இல்லை. குழாயைப் பிளந்து கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். சீனர்களைவிட இந்தியர்களுக்கு இருதயக் குழாய் வியாதி ஏழு மடங்கு என்று 1959-ல் எழுதினார்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் கப்பலேறிப் போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களும் நெய்யில் குளித்தவர்கள் அல்லர். ஏழு என்ற எண் இரண்டு இடத்திலும் வந்தது தற்செயலாக இருக்கலாம். தமிழன் எங்கே போனாலும் இந்த வியாதியையும் பெட்டியோடு கொண்டு போயிருக்கிறான் என்பது தற்செயல் இல்லை.

இனிக் காவிரிக்கு வடக்கே போகலாம். ஒன்றாம் நம்பர் பஸ் ஜங்ஷனிலிருந்து சத்திரம் வழியாகப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் கொண்டு விடும். தூரம் அதிகமில்லை; சாப்பாடு மட்டும் வேறு லோகம். பருப்புச் சாதத்துக்கு நெய், ரசத்துக்கு நெய்த் தாளிப்பு, கடைசியில் கெட்டித் தயிர். வைத்தியத்துக்கும் இந்த ஊரில் பழைய சரித்திரம் உண்டு. கோயிலுக்குள்ளேயே ஹொய்சளர் காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. பின்னால் அது பாழ்பட்டுப் போக, 1493-ல் கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமாளையும் எழுந்தருளப் பண்ணினார் என்று கல்வெட்டு சொல்கிறது. பெரிய பெருமாளுக்கு ராத்திரி அமுது செய்தபின் கஷாயமும் பாலும் நிவேதனம் ஆகிற வழக்கம் இன்றும் நடக்கிறது. நாள் முழுவதும் அக்காரவடிசிலும் சம்பாரதோசையும் அமுது செய்கிறவருக்குக் கஷாயம் வேண்டும் என்று நினைத்த முன்னோர்கள் ஜாக்கிரதைக்காரர்கள்.

உத்தரவீதியில் ஒரு பெரியவர். பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மல்ஹோத்ரா விஷயம் அவர் காதுக்கும் எப்படியோ போயிருந்தது. “பார்த்தீரா ஓய், நெய் ஒண்ணும் பண்ணாதுன்னு ரயில்வேக்காரனே எழுதிட்டான். டாக்டர் பசங்கதான் பயமுறுத்தறான்கள்” என்றார். உள்ளேயிருந்து மாமி, “பஞ்சாபிக்காரன் கலப்பை பிடிக்கிறான். இவர் டி.வி. ரிமோட்டைன்னா பிடிக்கிறார்” என்று பதில் சொன்னாள். வைத்திய ஆராய்ச்சிக்கு இதைவிடச் சுருக்கமான விமரிசனம் நான் படித்ததில்லை.

நெய்க்கு விடுதலைத் தீர்ப்பு எழுத மல்ஹோத்ராவின் கணக்கு போதாது. அறுபது வருஷத்தில் பஞ்சாபின் கதையும் மாறிவிட்டது. மாநிலவாரியாக எடுத்து 2018-ல் வெளியிட்ட கணக்கில், இருதய ரத்தக் குழாய் நோயாளிகள் விகிதத்தில் முன் வரிசையில் நின்ற மாநிலங்கள் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு. எதிரெதிராக நிறுத்திய இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நிற்கிறார்கள். டிராக்டர் வந்து கலப்பை போயிற்று. நெய் மட்டும் தங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

தென்னாட்டு எண்ணெய்க்கும் சரித்திரம் உண்டு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்குப் பின்னால் கடலை எண்ணெய் வந்தது. 1937-ல் டால்டா வந்தது. நெய் வாங்க முடியாதவன் நெய் மாதிரி இருந்ததை வாங்கினான். தாவர எண்ணெயைக் கெட்டியாக்குகிற அந்த முறையில் உண்டாகும் ஒருவிதக் கொழுப்பு நெய்யைவிடப் பொல்லாதது என்று தெளிவாக நீண்ட காலமாயிற்று. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது நூற்றுக்கு 2 பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்று இந்திய சர்க்கார் கட்டுப்படுத்தியது 2022-ல்தான். எண்பத்தைந்து வருஷம் நாம் அதில் பலகாரம் சுட்டிருக்கிறோம். பழி முழுவதையும் நெய் சுமந்துகொண்டிருந்தது.

அப்படியானால் அந்த ஒல்லி ஃபிட்டருக்கு என்ன வந்தது? இதற்கு விடை வர முப்பது நாற்பது வருஷம் ஆயிற்று. மொத்தக் கொலஸ்டிரால் என்கிற ஒற்றை எண்ணைப் பார்த்ததில்தான் பாதி விபரீதம். ரத்தத்தில் கொலஸ்டிரால் தனியாகப் போவதில்லை. சுமைவண்டிகளில் ஏறிப் போகிறது. எல்.டி.எல். என்ற வண்டி குழாய்ச் சுவரில் இறக்கிவிட்டுப் போகும், எச்.டி.எல். என்பது திரும்ப எடுத்துக்கொண்டு வரும் வண்டி. நம்மவர்களுக்கு மொத்தம் அதிகமில்லாமலே இந்த விகிதம் கெட்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு இடங்களில் எடுத்து 2014-ல் வெளியிட்ட கணக்கில், மொத்தக் கொலஸ்டிரால் அதிகமாக இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான், எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் நூற்றுக்கு எழுபத்திரண்டு. ஏதாவது ஒன்று கெட்டிருந்தவர்கள் எழுபத்தொன்பது. அடுக்குச் சட்டியின் கீழ்த்தட்டுச் சோறு இங்கேதான் வந்து சேருகிறது. மாவுச்சத்து மிகுந்தால் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை ஈரல் செய்து அனுப்புகிறது. அது ஏறினால் எச்.டி.எல். இறங்குகிறது. கொழுப்பே சாப்பிடாதவன் ரத்தத்தில் கொழுப்பு வந்த ரகசியம் ஓரளவுக்கு இதுதான்.

இன்னொன்று சர்க்கரை வியாதி. சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சர்க்கரை இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இருதயக் குழாய் வியாதி. சர்க்கரை உள்ளவர்களில் இருபத்தொரு பேருக்கு. பிறகு 2004-ல் ஐம்பத்திரண்டு தேசங்களைச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று வந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியில் 53 வயதில். மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59-ல். ஆறு வருஷம் என்பது ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு பையனின் படிப்பு. திருச்சி உறையூர்ச் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் வரை மணத்தது என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அந்த ஆராய்ச்சியில் புகை இரண்டாவது குற்றவாளி. கெட்ட கொலஸ்டிராலுக்கும் நல்லதற்கும் உள்ள விகிதக் கோளாறு முதலாவது.

மருந்து வந்த கதையையும் சொல்ல வேண்டும், அதில் அரிசிக்கும் பங்கு இருப்பதால். அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பூசணங்களில் கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் சரக்கு இருக்கும் என்று நம்பி ஆறாயிரம் பூசணங்களைச் சோதித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்த பூசணத்தில், 1973-ல் அது அகப்பட்டது. எலிக்குக் கொடுத்தார்கள், எலி அசையவில்லை. கைவிட இருந்த சமயத்தில் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்டிரால் மளமளவென்று இறங்கிற்று. ஸ்டாடின் என்ற வர்க்கம் இப்படிப் பிறந்தது. 1987-ல் அமெரிக்காவில் முதல் ஸ்டாடின் கடைக்கு வந்தது. எண்டோ 2024 ஜூனில் காலமானார். பொன்மலைக் காகிதங்கள் சேர்ந்த காலத்தில் இந்த மாத்திரை கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த டாக்டர்களிடம் சொல்வதற்கு இருந்ததெல்லாம் ‘ஜாக்கிரதையாக இரு’ என்பதுதான்.

மாத்திரை உயிரைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு 1994-ல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து பதில் வந்தது. ஏற்கெனவே இருதய வியாதி கண்ட 4,444 பேரில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்தாறு வருஷத்தில் மருந்து சாப்பிட்டவர்களிடையே சாவு நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தது. அந்த 4,444-ல் பெண்கள் 827. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மல்ஹோத்ராவின் கணக்கில் பெண்களைத் தேடுவதில் பயனே இல்லை; சம்மட்டி அடித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இருதய வைத்தியத்தின் சரித்திரம் ஆண்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டுவிட்டதில் ஒரு பலன், வீட்டில் இருக்கும் மனுஷிக்கு மார்பு அடைத்தால் இன்றைக்கும் அது வாயுதான். ஃபிட்டருக்கு 1960-ல் சொன்ன அதே வாயு.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஸ்ரீரங்கத்திலோ பொன்மலையிலோ, எங்கே வேண்டுமானாலும். சோதனைக்கூடத்திலிருந்து ஒரே நாளில் வீட்டார் எல்லாருக்கும் சீட்டு வருகிறது. எல்லாருக்கும் எல்.டி.எல். 130. சோதனைக்கூடத்துச் சீட்டு அந்த எண்ணுக்கு எதிரே எல்லாருக்கும் ஒரே குறியைப் போடுகிறது. வைத்திய சாஸ்திரம் ஒரே பதிலைச் சொல்லாது. எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். ஒரே எண்ணுக்கு ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம்.

அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போன வருஷம் மாரடைப்பு வந்து குழாயில் ஸ்டெண்ட் வைத்திருக்கிறது. அவருக்கு 130 என்பது தலைமேல் தொங்கும் கத்தி. இந்திய இருதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி அவருக்கு 55-க்குக் கீழே இறங்க வேண்டும். ஒரு மாத்திரை போதாவிட்டால் இன்னொன்று சேர்ப்பார்கள். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு, சர்க்கரையும் கொதிப்பும் உண்டு. நெஞ்சு வலி வந்ததில்லை. அவளுக்கு 70. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் எல்.டி.எல். தானே ஏறும் என்பதையும், தைராய்டு சுரப்பி மந்தமாக இருந்தாலும் ஏறும் என்பதையும் பார்க்க வேண்டும். மந்தம் என்றால் முதலில் அதற்கு மருந்து; அநேகமாகக் கொலஸ்டிராலும் கூடவே இறங்கிவிடும்.

மருமகள் ஆறு மாத கர்ப்பிணி. கர்ப்பத்தில் கொலஸ்டிரால் ஏறுவது இயற்கை; குழந்தை கட்டுமானத்துக்குச் சாமான் வேண்டுமே. அவளுக்குச் சாதாரணமாக ஸ்டாடின் கொடுப்பதில்லை. முன்பே சாப்பிட்டு வந்தாலும் டாக்டர் நிறுத்தி வைப்பார். பாட்டிக்கு எழுபத்தெட்டு, சர்க்கரை இல்லை, மாரடைப்பு வந்ததில்லை. இந்த வயதில் புதிதாக ஆரம்பிப்பதால் எவ்வளவு லாபம் என்று உலகத்தில் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பாட்டி ஏற்கெனவே எட்டு மாத்திரை சாப்பிடுகிறாளா, தடுக்கி விழுகிறாளா, அவளுக்கு என்ன வேண்டும் என்றெல்லாம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். மகனுக்கு இருபத்தாறு. வேறு வியாதி இல்லாதவனுக்கு 100-க்குள் இருப்பது நல்லது. அவனுக்குச் சோற்றைக் குறை, நட, ஆறு மாதம் கழித்து வா என்று சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் அப்பாவுக்கு இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறதே! அந்த ஒரு தகவல் பையனின் 130-ஐ வேறு எண்ணாக்கிவிடுகிறது. லைப்போபுரோட்டீன்-ஏ என்ற பரம்பரைச் சரக்கை ஆயுளில் ஒரு தடவையாவது சோதித்துக்கொள்ளச் சொல்கிறது அந்த நெறிமுறை. இந்தியரில் நாலில் ஒருவருக்கு அது அதிகம்.

பதினெட்டு வயதிலேயே முதல் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இளமையில் மாரடைப்பு வரும் குடும்பமானால் அதற்கும் முன்பே. இந்த இடத்தில் நம் பக்கத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. எல்.டி.எல். வண்டியை ஈரலுக்குள் இழுத்துக்கொள்கிற வாசலைக் கண்டுபிடித்ததற்காக பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்களுக்கு 1985-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சில குடும்பங்களில் அந்த வாசல் பிறவியிலேயே பாதி மூடியிருக்கும். சுமார் 250 அல்லது 300 பேரில் ஒருவருக்கு அப்படி. அந்த மாதிரி ஆணும் அந்த மாதிரிப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கும் குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு வாசல் இரண்டு பக்கமும் மூடிப்போகும். முழங்கையிலும் குதிகாலுக்கு மேலேயும் மஞ்சளாகக் கட்டிகள் வரும். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மாரடைப்பு வரலாம். முன்பின் தெரியாத இரண்டு பேரில் இருவருக்கும் அந்தக் குறை இருப்பது அபூர்வம். மாமனும் அக்காள் மகளும் என்றால் அபூர்வம் இல்லை. சொத்து வெளியே போகக்கூடாது என்று முடித்துப்போட்ட கல்யாணங்களில் இந்தச் சொத்தும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் மஞ்சள் கட்டியைப் பாலுண்ணி என்று சொல்லிச் சுண்ணாம்பு தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பொன்மலைப் பெரியவரிடம் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். அவருக்கும் எழுபதாவது வயதில் ஒரு தடவை மார்பு அடைத்தது. ரயில்வே ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்கி வருகிறார். “நடுவுலே நிறுத்திட்டேன் தம்பி. ரிப்போர்ட்டு நார்மல்னு வந்திச்சு. நார்மலுக்கு எதுக்கு மாத்திரைன்னு நிறுத்தினேன். மகதான் கண்டுபிடிச்சுச் சத்தம் போட்டா” என்றார். ரிப்போர்ட் நார்மலாக வந்ததே மாத்திரையினால்தான் என்று மகள் விளக்க அவளுக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்றாம். கால் தசை வலிக்கிறது என்றும் ஒரு குறை. அது சிலருக்கு உண்டு. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது அதே வர்க்கத்தில் வேறு மருந்து தருவார். சொல்லாமல் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ‘காலம் பூரா சாப்பிடணுமா?’ என்ற கேள்வியில் ஒரு வைராக்கியமும் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. நியாயவிலைக் கடைப் பாமாயிலைக் காலம் பூராவும் சாப்பிட யாரும் யோசித்ததில்லை.

2023-ல் தமிழ்நாட்டு சர்க்கார் ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் தொடங்கிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் ஆள் போய்விடுகிறான் என்பதால், மாரடைப்பு என்று தெரிந்த உடனே கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மொத்தம் பதினான்கு. ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, மீதி எட்டும் ஸ்டாடின். பெரியவரிடம் இதைச் சொன்னபோது விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். மாத்திரையை எண்ணுகிறார் என்று நினைத்தேன். ஷெட்டில் சாய்ந்தவனிலிருந்து ஆரம்பித்து, ஓய்வுக்கு முன்னால் போனவர்களைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போயிற்று.